கட்டளையும் கண்காணிப்பும்

நுழையும்முன்

ஒருவரைக் கைது செய்யவும், தீப்பற்றிய வீட்டின் கதவை உடைத்து உள்ளே செல்லவும் சிலருக்குச் சட்டம் அதிகாரம் அளித்துள்ளது. அவ்வதிகாரம் முறையாகப் பயன்படுகிறதா எனக் கேட்கும் உரிமை மக்களுக்கு உண்டு. அவ்வுரிமைக்கு இங்கிலாந்தும் வேல்சும் அளித்த வடிவத்தை இப்பாடம் விளக்குகிறது.

புதிய பதவி

இங்கிலாந்திலும் வேல்சிலும் காவல்துறை வட்டாரந்தோறும் தனித்தனியே இயங்குகிறது. முன்னர், உள்ளாட்சி உறுப்பினர்களும் பிறரும் அடங்கிய குழுக்கள் அதனைக் கண்காணித்தன. 2011ஆம் ஆண்டுச் சட்டம் அம்முறையை மாற்றி, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் 'காவல், குற்றத்தடுப்பு ஆணையர்' பதவியை உருவாக்கியது. நம் நாட்டில் காவல் ஆணையர் என்பவர் சீருடை அணிந்த அதிகாரி. அங்கோ இவ்வாணையர் மக்களின் பிரதிநிதி. 2012 நவம்பர் 15 அன்று 41 வட்டாரங்களில் முதல் தேர்தல் நடைபெற்றது.

அதிகாரத்தின் எல்லை

வட்டாரத்தின் காவல் திட்டத்தை வகுத்தல், வரவு செலவை முடிவு செய்தல், உள்ளூர் வரியில் காவலுக்குரிய பங்கை உறுதி செய்தல், தலைமைக் காவல் அதிகாரியை அமர்த்துதல், தேவையெனில் நீக்குதல் ஆகியவை ஆணையரின் பணிகள். ஆனால், யாரைக் கைது செய்வது, எவ்வழக்கை எவ்வாறு விசாரிப்பது என அவர் ஆணையிட இயலாது. அம்முடிவுகள் காவல் அதிகாரிகளுக்கே உரியவை. அவர்களின் செயற்சுதந்திரத்தில் தலையிடுவதில்லை என ஆணையர் உறுதிமொழியும் ஏற்கிறார்.

இவ்வெல்லை இன்றியமையாதது. வாக்குப் பெற்றவர் விசாரணையை நடத்தத் தொடங்கினால், சட்டம் வென்றவரின் கருவியாகிவிடும். யாரும் கேள்வி கேளாவிடில், காவல்துறை தனக்குத்தானே நீதிபதியாகிவிடும்.

> தெரிந்து தெளிவோம்
> ஆணையரையும் கண்காணிக்க ஓர் ஆய்வுக் குழு உண்டு. அவர் முன்மொழியும் வரியையும் தலைமை அதிகாரி நியமனத்தையும் மூன்றில் இரு பங்கு உறுப்பினர் ஆதரவுடன் அக்குழு மறுக்கலாம்.

தீயணைப்புத் துறை

2017ஆம் ஆண்டுச் சட்டம், இங்கிலாந்தில் ஆணையரே தீயணைப்பு மீட்புத் துறையையும் மேற்பார்வையிட வழிவகுத்தது. அவ்வாண்டு அக்டோபரில் எசெக்ஸ் வட்டாரம் முதலில் இம்முறையை ஏற்றது. இரு துறைகளும் இணைந்து செயல்பட்டால் செலவு குறையும் என்றனர் ஆதரித்தோர். தீயணைப்பு வீரரை எவ்வீட்டாரும் தயங்காது வரவேற்பர். காவல்துறையோடு இணைத்தால் அந்நம்பிக்கை குலையும் என்றனர் எதிர்த்தோர்.

படிப்பினை

முதல் தேர்தலில் ஏறத்தாழ 15 விழுக்காட்டு வாக்காளரே வாக்களித்தனர். பதவியை 2028இல் நீக்கி, அதன் பொறுப்புகளை மேயர்களிடமும் உள்ளாட்சித் தலைவர்களிடமும் ஒப்படைக்கப்போவதாக 2025 நவம்பரில் பிரித்தானிய அரசு அறிவித்தது. பதவி மாறினாலும் கேள்வி மாறாது: காவலுக்குக் கட்டளையிடாமல் அதனைக் கணக்குக் கேட்பது எவ்வாறு? சட்டம் அதற்கு வழியை அமைக்கலாம். அவ்வழியே நடக்க வேண்டியவர் மக்களே.

கற்பவை கற்றபின்

1. ‘கண்காணித்தல்’, ‘கட்டளையிடுதல்’ ஆகியவற்றை வேறுபடுத்துக.
2. காவலையும் தீயணைப்பையும் ஒருவரே மேற்பார்வையிடுவது குறித்து வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.