பூ எடுக்கும் நேரத்தில் வெயில்: கருக்கா ஏன் விழுகிறது?



"பயிர் பச்சைப் பசேல்னு நின்னுச்சு. தூத்திப் பார்த்தா பாதி கருக்கா." நவரை அறுத்த களத்தில் இந்தப் பேச்சு நமக்குப் புதிதல்ல. குழுவில் கடன் வாங்கி, குத்தகை நிலத்தில் நட்டவருக்கு கருக்கா விழுந்தால் தவணை கட்டுவதே கஷ்டம். இதற்குப் பல காரணம் உண்டு. இந்த மாதப் பாடம் வெயிலைப் பற்றியது.

பூக்கும்போது

நெற்பூ காலை 9 மணியிலிருந்து 12 மணிக்குள் விரியும். ஒரு பூ திறந்திருப்பது சுமார் ஒரு மணி நேரம்தான். அதற்குள் மகரந்தப் பை வெடித்து, தூள் அதே பூவின் சூல்முடியில் விழ வேண்டும். விழுந்தால் மணி. அந்த நேரத்தில் பூவில் 35 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடு ஒரு மணி நேரம் நீடித்தாலே பை சரியாக வெடிக்காது, தூளும் காய்ந்துவிடும். பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் அந்தப் பூ மணியாகாது. ஒரு கதிர் பூத்து முடிய ஐந்தாறு நாள் ஆகும். அதனால்தான் ஒரே கதிரில் நல்ல மணியும் கருக்காவும் கலந்து இருக்கிறது.

பால் பிடிக்கும்போது

பூத்தபின் சுமார் 30 நாளில் மணி முற்றும். இலை தயாரிக்கும் சர்க்கரை மணிக்குள் போய் மாவாகிறது. சூடு அதிகமானால் மணி அவசரமாக முற்றிவிடும்; நிரம்ப நாள் போதாது. மாவு நெருக்கமாக அடையாமல் இடையில் காற்று நிற்கும். அரிசியின் வயிற்றில் வெள்ளையாகத் தெரிவது அதுதான். மில்லில் அது உடைந்து நொய்யாகும்.

இரவுச் சூடும் கெடுதல். பகலில் சேர்த்த சர்க்கரையைப் பயிர் இரவில் மூச்சு விட்டே செலவழிக்கும். பிலிப்பைன்ஸில் உள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம், 1979 முதல் 2003 வரை தன் பண்ணையில் எடுத்த கணக்கை 2004-ல் வெளியிட்டது. கோடைப் பருவத்தில் இரவு வெப்பம் 1 டிகிரி கூடியபோது மகசூல் 10 சதவீதம் குறைந்திருந்தது.

கோதுமைக்கும் இதே கதிதான். 2022 மார்ச்சில் வட இந்தியாவில் கடும் வெயில் அடித்து மணி சுருங்கியது. அந்த ஆண்டு மே 13-ல் அரசு கோதுமை ஏற்றுமதிக்கே தடை போட்டது.

நம் பகுதிக் கணக்கு

110 நாள் ரகம் என்றால் விதைத்த 80-ஆம் நாள் வாக்கில் பூக்கும். டிசம்பர் 15-ல் நாற்றங்கால் விட்டால் மார்ச் 5-ல் பூ. தாமதமாகி ஜனவரி 25-ல் விட்டால் ஏப்ரல் 15-ல் பூ. பால் பிடிப்பது சித்திரை வெயிலில், அறுப்பு கத்திரியில். சென்னையில் 2003 மே மாதம் 45 டிகிரி அடித்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

என்ன செய்யலாம்?

1. நாள் எண்ணி விதையுங்கள். பருவம் தப்பினால் குறுகிய வயது ரகம் போடலாம். அல்லது உளுந்து, எள், கேழ்வரகு பற்றி யோசியுங்கள்.

2. கதிர் வந்ததிலிருந்து பால் கட்டும் வரை வயலில் 2 அங்குலம் தண்ணீர் நிற்கட்டும். மண்பானை கசிந்து குளிர்வது போல, தண்ணீர் இருந்தால் பயிரும் ஆவி விட்டுக் குளிரும்.

3. பூ விரியும் காலை வேளையில் மருந்து தெளிக்காதீர்கள். மாலையில் தெளியுங்கள்.

4. சந்தேகம் இருந்தால் காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள்.

கவனம்

எல்லாக் கருக்காவும் வெயிலால் வருவதில்லை. கதிர் முழுவதும் வெளுத்து, இழுத்தால் கையோடு வந்தால் அது தண்டுத் துளைப்பான். மணியில் புள்ளியும் வயலில் நாற்றமும் இருந்தால் கதிர் நாவாய்ப் பூச்சி. தெரியாமல் மருந்து வாங்கினால் கடன்தான் கூடும்.

நேரடி கொள்முதல் நிலையத்தில் முற்றாத, சுருங்கிய மணி 100-க்கு 3 வரைதான் ஏற்பார்கள். ஈரம் 17 சதவீதம் வரை. எனவே நன்றாகத் தூற்றி, காயவைத்துக் கொண்டு போங்கள்.

குழுக் கூட்டத்தில் செய்து பாருங்கள்

ஆளுக்கு ஒரு கதிர் கொண்டு வாருங்கள். நிறைந்த மணி எத்தனை, கருக்கா எத்தனை என்று எண்ணுங்கள். பத்துக்கு எட்டு நிறைந்திருந்தால் நல்ல கதிர். குறைந்தால், அந்த வயலில் எந்தத் தேதியில் பூ எடுத்தது என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். அடுத்த நவரைக்குக் கடன் கேட்கும்போது அந்த நோட்டைப் பார்த்துவிட்டுத் தீர்மானம் போடலாம்.