மெரினா மணலின் வயது

அன்புள்ள தம்பிக்கு,

சென்னை மெட்ரோ இரண்டாம் கட்டத்தின் 4ஆவது வழித்தடத்தின் வரைபடத்தைப் பார்த்திருப்பாய். பூந்தமல்லியில் ஒரு முனை. நம் கரையான்சாவடி, குமணன்சாவடி, காட்டுப்பாக்கம், போரூர், வடபழனி வழியாக 26 கிலோமீட்டர் கடந்து, மறுமுனை கலங்கரை விளக்கம். அந்த முனையில் இறங்குகிறவர்கள் கட்டடங்களைப் பார்ப்பார்கள், பிறகு மணலில் நடந்து கடலைப் பார்ப்பார்கள். இடையில் மிதித்துக்கொண்டு போகிற மணலுக்கும் ஒரு வரலாறு உண்டென்று யாரும் நினைப்பதில்லை. மெரினாவின் அடையாளங்களிலேயே பெரியது அந்த மணல்தான். பழைய கட்டடங்கள் பலவற்றைவிட வயதில் இளையதும் அதுதான். இதை நான் சொன்னேன் என்பதற்காக நம்ப வேண்டாம். கட்டடங்களையே சாட்சிக்கு அழைப்போம்.

வடக்கிலிருந்து வருவோம். 1640இல் புனித ஜார்ஜ் கோட்டை எழும்பத் தொடங்கியபோது கடல் கிழக்கு மதிலுக்கு அருகிலேயே இருந்தது. இன்று மதிலுக்கும் அலைக்கும் நடுவே அகலமான சாலையும் நிலமும் கிடக்கின்றன. தெற்கே வந்தால் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். அமெரிக்காவின் பாஸ்டன் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமிக்க 1842இல் கட்டியது. கரையிறக்கும்போதே உருகிக்கொண்டிருக்கும் சரக்கு அது. அதை வைக்கும் கிடங்கைக் கடலிலிருந்து எவ்வளவு தூரத்தில் கட்டுவாய்? முடிந்த அளவு பக்கத்தில்தானே? இன்று அதன் வாசலிலிருந்து காமராசர் சாலையைக் கடந்து, ஏறக்குறைய 300 மீட்டர் மணலையும் கடந்தால்தான் கால் நனையும். மூன்றாவது சாட்சி கடற்கரை நடைபாதை. 1884இல் ஆளுநர் கிராண்ட் டஃப் அதை அமைத்து, சிசிலியின் நினைவாக மெரினா என்று பெயர் வைத்தார். கடற்காற்று வாங்க நடைபாதை போடுகிறவர்கள் கடலை விட்டு அத்தனை தள்ளிப் போட்டிருக்க மாட்டார்கள். கலங்கரை விளக்கத்தை மட்டும் இந்த வழக்கில் சாட்சியாக்காதே. 1796இல் கோட்டைக்குள், 1844இல் இன்றைய உயர் நீதிமன்ற வளாகத்துக் கல்தூணில், 1894இல் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில், 1977இல் மெரினாவில் என்று விளக்கு நான்கு இடங்களில் இருந்தது உண்மை. ஆனால் விளக்குக்கு உயரமும் வேண்டும். அது இடம் மாறியதை வைத்துக் கடல் விலகியது என்று சொல்லிவிட முடியாது. வரலாறு படிக்கும்போது எந்தச் சாட்சி எதுவரை பேசும் என்று பார்க்கப் பழகிக்கொள்.

சரி, மணல் எப்படி வந்தது? ஆண்டின் பெரும்பகுதி நம் கரையில் அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து மோதுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் ஈரமணலில் குந்தி நுரையின் விளிம்பைக் கவனி. நீர் வடக்கு நோக்கிச் சரிந்து ஏறும். இறங்கும்போது சரிவின் போக்கில் நேராக இறங்கும். அதோடு ஏறி இறங்கிய மணலும் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பாமல் கொஞ்சம் வடக்கே தங்கும். அடுத்த அலை இன்னும் கொஞ்சம் தள்ளும். வடகிழக்குப் பருவக்காற்றின் சில மாதங்கள் இந்தப் போக்கு தெற்கே திரும்பும் என்றாலும், ஆண்டுக் கணக்கில் மணல் வடக்கேதான் போகிறது. இப்படிக் கரையே ஓர் ஆறாக ஓடிக்கொண்டிருந்த இடத்தில்தான் 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகத்தின் கற்சுவர்கள் கடலுக்குள் நீட்டப்பட்டன. 1881 நவம்பர் புயல் அவற்றில் பெரும்பகுதியைச் சாய்த்தது. மறுபடியும் கட்டினார்கள். வடக்கே போய்க்கொண்டிருந்த மணல் சுவரில் முட்டித் தெற்கே குவிந்தது. துறைமுகமே அதில் சிக்கியது: கிழக்கு பார்த்திருந்த வாய் தூர்ந்துபோக, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங் துறைமுகப் பொறுப்பில் இருந்தபோது அதை அடைத்து வடகிழக்கில் புதுவாய் திறந்தார்கள்.

‘துறைமுகத்துக்கு முன் இங்கே கடற்கரையே இல்லையா? திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் கடலோர ஊர்கள்தானே?’ என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. கடற்கரை இருந்தது, மீனவர் குப்பங்களும் இருந்தன. நான் சொல்வது அகலத்தைப் பற்றி மட்டுமே. ‘கடற்கரை என்றால் இயற்கையாகவே கூடும், குறையும்’ என்பது இன்னொரு வாதம். அதுவும் உண்மைதான். ஆனால் இயற்கை மட்டுமே காரணமாக இருந்தால், சரியாகக் கற்சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து, வடக்கே கரை தேய்வது ஏன்? ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளில் தெருக்களையும் வீடுகளையும் கடல் கொண்டது இந்தக் கதையின் மறுபாதி. இதே கதை நூறாண்டுக்குப் பின் புதுச்சேரியிலும் நடந்தது. அங்கே 1980களின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர்கள் எழுந்தன. அவற்றின் தெற்கே மணல் சேர, வடக்கே நகரத்துக் கடற்கரை கரைந்து கருங்கல் குவியலாயிற்று. இரண்டு ஊரிலும் ஒரே காரணத்துக்கு ஒரே விளைவு.

‘அப்படியானால் துறைமுகமே கட்டியிருக்கக் கூடாதா?’ என்பவர்களுக்கு மசூலாப் படகைத்தான் காட்ட வேண்டும். அன்று கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தள்ளியே நங்கூரமிட்டு நின்றன. சரக்கும் மனிதரும் அலையைக் கடந்தது ஆணியே அடிக்காமல் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த அந்தப் படகுகளில். அலை அடித்தால் உடையாமல் நெளிந்துகொடுக்கிற அந்தத் தையல் நம் கடலோர மக்களின் அறிவு. ஆனாலும் பொருளும் உயிரும் நிறையவே போயின. துறைமுகம் தேவைப்பட்டது. தடுத்த மணலை மறுபுறம் சேர்க்கும் பொறுப்பை யாரும் முழுதாக ஏற்கவில்லை என்பதுதான் என் குறை. அது முடியாத காரியமல்ல. ஆஸ்திரேலியாவில் ட்வீட் ஆற்று முகத்துவாரத்தில் சுவர்கள் தடுத்த மணலை 2001 முதல் குழாய் வழியே வடக்கே இறைத்து ஊற்றுகிறார்கள். நம் வடசென்னைக்குக் கிடைத்தவை கருங்கல் சுவர்கள். அவை சாலையைக் காக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் பாறைக் குவியலின் மேல் படகை இழுத்து ஏற்ற முடியாது, வலை உலர்த்த முடியாது. சுவர் முடிகிற இடத்தில் அரிப்பு மறுபடி தொடங்கி இன்னும் வடக்கே நகர்கிறது.

கடலிலிருந்து இவ்வளவு தள்ளி இருக்கிற நமக்கு இதில் என்ன என்று தோன்றுகிறதா? நமக்குப் பக்கத்தில் திருவேற்காட்டைத் தொட்டு ஓடுகிற கூவம், மதுரவாயல், அமைந்தகரை வழியாகப் போய் நேப்பியர் பாலத்தடியில்தான் கடலைச் சேர வேண்டும். கோட்டைக்குத் தெற்கே சேர்கிற அதே மணல் அந்த முகத்துவாரத்தில் திட்டாக அடைகிறது. அள்ள அள்ள மீண்டும் அடைகிறது. நம் பக்கத்து மழைநீர் கடலுக்குப் போகும் வாசலில் கிடப்பது அந்த மணல்.

மெரினாவுக்குப் போகும் அன்று முதலில் நேப்பியர் பாலத்தில் இறங்கி அந்தத் திட்டைப் பார். பிறகு ஐஸ் ஹவுஸ் வாசலிலிருந்து அலைவரை அடியெண்ணி நட. அதே நாளில் காசிமேட்டுக்கும் போய்வா. அங்கே கருங்கல் சுவரை ஒட்டிய சாலையோரத்தில் நின்று, கடைசிக் கல்லிலிருந்து அலை எத்தனை அடி தூரத்தில் இருக்கிறது என்று எண்ணிப் பார். இரண்டு எண்ணிக்கையையும் ஒரே பக்கத்தில் குறித்துவை.

அன்புடன்,
உன் அண்ணன்
கரையான்சாவடி