ஆவியைப் பூட்டியவர்களும் ஓடவிட்டவரும்

கேள்வி: நீராவி எஞ்சினில் பிஸ்டன் முன்னும் பின்னும் போய்வருகிறது. அதைக் கிராங்க் வைத்துச் சுழற்சியாக மாற்றுகிறார்கள். இந்தச் சுற்றுவழி எதற்கு? ஆவியே நேராகச் சக்கரத்தைச் சுற்றும்படி யாரும் செய்து பார்க்கவில்லையா?

பதில்: பார்க்காமல் என்ன, நூறு வருஷம் பார்த்து அலுத்தே போனார்கள். ஜேம்ஸ் வாட் 1769-ல் வாங்கிய புகழ்பெற்ற காப்புரிமையிலேயே, ஆவியைக் குளிர்விக்கும் தனிக் கண்டென்சரோடு கூட, ஓர் 'ஆவிச் சக்கரமும்' இருக்கிறது. உள்ளே கூடான ஒரு வளையம். அதற்குள் தாராளமாக நகரும் கனமான பொருள். ஆவி ஒரு பக்கம் அழுத்த, கனம் மறுபக்கம் தாங்க, வளையம் சுற்ற வேண்டும். வாட்டும் அவருடைய கூட்டாளி போல்ட்டனும் பர்மிங்காமுக்கு அருகே சோஹோவில் அதோடு மல்லுக்கட்டிவிட்டு, கடைசியில் பிஸ்டனுக்கே திரும்பினார்கள். கிராங்குக்கான உரிமையை 1780-ல் பிக்கார்டு என்பவர் வாங்கிவிட்டதால், சூரியனைக் கோள் சுற்றுவதுபோல் ஒரு பல்சக்கரம் இன்னொன்றைச் சுற்றிவரும் ஏற்பாட்டை வாட் 1781-ல் கொண்டுவந்தார். அதுவும் சுற்றுவழிதான்.

வாட்டிடம் வேலை பார்த்த வில்லியம் மர்டாக் 1799-ல் வேறு மாதிரி யோசித்தார். ஒன்றோடொன்று கோத்துச் சுழலும் இரண்டு பல்சக்கரங்களை ஒரு பெட்டிக்குள் அடைத்து, பல்லுக்கும் சுவருக்கும் நடுவே ஆவியை விட்டார். இன்றைக்கு எண்ணெய் பம்புகளில் இருக்கும் அதே அமைப்பு, தலைகீழாக. அது ஓடியது. அவருடைய பட்டறை எந்திரங்களையும் ஓட்டியது. ஆனால் விற்கும் சரக்காகவில்லை.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்களில் எனக்குப் பிடித்தவர் தாமஸ் காக்ரேன், டண்டொனால்டு பிரபு. சிலி, பிரேசில், கிரேக்கம் என்று மூன்று நாட்டுக் கடற்படைகளை நடத்திய சண்டைக்காரர். அப்படிப்பட்டவர் சுழல் எஞ்சினிடம் தோற்றார். 1840-களில் ஜானஸ் என்ற கப்பலில் அவருடைய எஞ்சினைப் பொருத்திப் பார்த்தார்கள். தேறவில்லை. பிறகு பொஷாம்ப் டவர் வந்தார். ஒரு கோளத்துக்குள் சுழலும் தட்டுகளை வைத்து அவர் செய்த எஞ்சின் 1880-களில் விளக்கு எரிக்கும் டைனமோக்களை ஓட்டியது. டவருக்கு முன்பே, ஜெர்மானியப் பேராசிரியர் ஃபிரான்ஸ் ரூலோ 1875-ல் எழுதிய எந்திர இயக்கவியல் நூலில் அதுவரை வந்த சுழல் எஞ்சின்களை வரிசையாக வைத்துப் பிரித்துப் பார்த்தார். 'புதிய கண்டுபிடிப்பு' என்று வந்தவற்றில் பல, பழைய கிராங்க் அமைப்பே வேஷம் மாற்றிக்கொண்டது என்று காட்டினார். கண்டுபிடித்த பலருக்கே அது தெரியாது.

சரி, ஏன் தோற்றன? கசிவு. சமையலறையில் பார்த்திருப்பீர்கள். வட்டத் தூக்குக்கு மூடி கச்சிதமாக உட்காரும். சதுர டிபன் பாக்ஸில்தான் மூலை வழியாகச் சாம்பார் ஒழுகும். பிஸ்டன் வட்டம். அதைச் சுற்றி வளையம் போட்டால் போதும், தேய்ந்தாலும் சுற்றிலும் சமமாகத் தேயும். சுழல் எஞ்சினில் ஆவியைப் பூட்டிவைக்கும் அறைக்கு ஓரம் உண்டு, மூலை உண்டு, தட்டையான பக்கச் சுவரும் உண்டு. விளிம்பின் வெளிப்பகுதி வேகமாகவும் உட்பகுதி மெதுவாகவும் ஓடுவதால் தேய்மானம் ஏறுக்குமாறாக இருக்கும். போதாக்குறைக்குச் சூட்டில் ஒவ்வொரு பாகமும் ஒவ்வோர் அளவு விரியும். புதிதாக இருக்கும்போது ஓடும், ஆறு மாதத்தில் ஆவி வேலை செய்யாமலே வெளியே போய்விடும்.

கேள்வி: டர்பைன் என்ற சொல் எந்த மொழி?

பதில்: பிரெஞ்சுக்காரர் க்ளோட் பர்டின் 1822-ல் உண்டாக்கியது. லத்தீனில் 'டர்போ' என்றால் பம்பரம், சுழல். முதலில் அது தண்ணீரால் சுற்றும் சக்கரத்துக்கு வைத்த பெயர். அவருடைய மாணவர் ஃபோர்னேரான் 1827-ல் உருப்படியான ஒன்றைச் செய்து காட்டினார். நம் பாடநூல்கள் சுழலி, விசையாழி என்று எழுதுகின்றன. மின்நிலையத்தில் வேலை செய்பவர் டர்பைன் என்றுதான் சொல்கிறார்.

கேள்வி: சுழல் எஞ்சின் தோற்ற இடத்தில் நீராவி டர்பைன் எப்படி ஜெயித்தது? இரண்டுமே சுழல்வதுதானே?

பதில்: ஆவியைப் பூட்டுவதை விட்டுவிட்டதால்.

சுழல் எஞ்சின் ஆவியை ஓர் அறையில் அடைத்து, அதன் அழுத்தத்தால் தள்ளச் சொல்கிறது. டர்பைன் அடைப்பதே இல்லை. ஆவியை ஓடவிட்டு, அந்த ஓட்டத்தின் குறுக்கே இலை போன்ற தகடுகளைப் பிடிக்கிறது. இலையின் நுனிக்கும் கூட்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தே தீரும். எதுவும் எதோடும் உராய்வதில்லை. கசிவை ஒழிக்க முடியாது என்று ஏற்றுக்கொண்டு, அதைக் கணக்கில் எழுதிவிட்டுப் போகும் எந்திரம் அது.

ஆனால் வேறு தொல்லை இருந்தது: வேகம். 1784-ல் ஃபான் கெம்பலென் (சதுரங்கம் ஆடும் 'துருக்கிப் பொம்மை' செய்த அதே ஆசாமி) பீச்சும் ஆவியின் எதிர்விசையில் சுழலும் எஞ்சின் ஒன்றை முன்வைத்தபோது, போல்ட்டன் கவலைப்பட்டார். வாட் உட்கார்ந்து கணக்குப் போட்டார். பொருள்கள் நொடிக்கு 1000 அடி வேகத்தில் சுற்ற ஆண்டவன் வழிசெய்தாலொழிய நமக்கு இதனால் கெடுதல் இல்லை என்று கூட்டாளிக்குத் தெரிவித்தார். கணக்கு சரி. உயர் அழுத்த ஆவி வெற்றிடத்தை நோக்கிப் பீச்சினால் நொடிக்கு 1000 மீட்டரைத் தாண்டும். அதில் பாதி வேகத்திலாவது இலை ஓடினால்தான் சக்தி கைக்கு வரும்.

ஸ்வீடனில் குஸ்டாஃப் டி லாவல் அந்த வேகத்தை நேரடியாகவே சந்தித்தார். பாலிலிருந்து கிரீம் பிரிக்கும் கருவிக்காக 1880-களில் அவர் செய்த டர்பைன் நிமிடத்துக்கு 30,000 சுற்று வரை ஓடியது. இங்கிலாந்தில் சார்லஸ் பார்சன்ஸ் வேகத்தைப் பங்கு போட்டார். முழு அழுத்தத்தையும் ஒரே தாவலில் விடாமல், வரிசை வரிசையாக இலைகள் வைத்து, படிக்கட்டில் இறங்குவதுபோல் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினார். ஒவ்வொரு படியிலும் ஆவியின் வேகம் அளவோடு இருக்கும். 1884-ல் அவர் செய்த முதல் டர்பைன் ஏறத்தாழ 10 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 18,000 சுற்று. லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

ஒரு வேடிக்கை. இதே பார்சன்ஸ் அதற்கு முன்னால் செய்தது என்ன தெரியுமா? சிலிண்டர்களே சுழலும் ஒரு நீராவி எஞ்சின்! லீட்ஸ் நகரில் கிட்ஸன் தொழிற்சாலை அதைத் தயாரித்தது. சுழல் எஞ்சினின் வலி தெரிந்த கைதான் டர்பைனைச் செய்தது. தொலைநோக்கி கட்டிப் புகழ்பெற்ற ரோஸ் பிரபுவின் கடைசி மகன் இவர். கண்ணாடியைப் பளபளப்பாக்கத் தலைமுடியில் பங்கு அளவுக்குத் துல்லியம் பார்த்த வீட்டில் வளர்ந்தவர் என்பதை மறக்கக் கூடாது.

1897 ஜூன் 26. விக்டோரியா ராணியின் வைரவிழாவுக்காக ஸ்பிட்ஹெட்டில் கடற்படை அணிவகுப்பு. 44 டன் எடையுள்ள டர்பினியா என்ற சின்னக் கப்பலில் பார்சன்ஸ் போர்க்கப்பல் வரிசைகளுக்கு நடுவே பாய்ந்தார். அதைத் துரத்திப் பிடிக்க அங்கே படகு இல்லை. அதன் உச்ச வேகம் மணிக்கு 34 கடல் மைலுக்கும் மேல். அந்த வேகம் சும்மா வரவில்லை. முதலில் ஒரே தண்டில் ஓட்டியபோது 20 கடல் மைலைக்கூடத் தொடவில்லை. விசிறி மிக வேகமாகச் சுற்றி, தண்ணீரைப் பிடிக்காமல் குமிழிகளைக் கிளப்பிக்கொண்டிருந்தது. மூன்று தண்டு, தண்டுக்கு மூன்று விசிறி என்று மாற்றிய பிறகுதான் வழிக்கு வந்தது.

கேள்வி: பிஸ்டன் எஞ்சினும் டர்பைனும் சேர்ந்து ஒரே கப்பலை ஓட்டியதாகப் படித்தேன். எதற்கு இந்தக் கூட்டுக் குடித்தனம்?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் மேலே இத்தனை கதையும் சொன்னேன்.

ஆவி விரியும் அளவை யோசியுங்கள். டைட்டானிக்கின் கொதிகலனில் சதுர அங்குலத்துக்கு 215 பவுண்டு அழுத்தம். அங்கே ஒரு கிலோ ஆவி அடைக்கும் இடம் ஒரு பெரிய டிரம் கணக்கு, 120 லிட்டர் போல. கண்டென்சருக்குள் நுழையும்போது அழுத்தம் ஒரே பவுண்டு. அதே ஒரு கிலோ இப்போது ஒரு சின்ன அறையை நிரப்பும். நூறு மடங்குக்கும் மேல் பெருத்துவிட்டது. இவ்வளவையும் பிஸ்டனால் வாங்க வேண்டுமானால் சிலிண்டர் வீடு அளவு வேண்டும். டைட்டானிக்கில் தாழ் அழுத்தச் சிலிண்டர்களின் குறுக்களவு ஏற்கெனவே 97 அங்குலம், எட்டு அடிக்கு மேல். அதற்கு மேல் போனால் எடையும் உராய்வும் லாபத்தைத் தின்றுவிடும். ஆகவே பிஸ்டன் எஞ்சின், கடைசிச் சக்தியைக் கறக்காமலே ஆவியை வெளியே விட்டுவிடும்.

டர்பைனுக்கு நிலைமை நேரெதிர். உயர் அழுத்தத்தில் ஆவி சுருங்கி இருப்பதால் இலை குட்டையாக இருக்கும். நுனி இடைவெளி இலையின் உயரத்தில் பெரிய பங்காகிவிடும், அந்த வழியாக ஆவி நழுவிப் போய்விடும். தாழ் அழுத்தத்தில் இலை நீளம். அதே இடைவெளி பொருட்டே இல்லை. மறுபடியும் கசிவுதான் தீர்ப்புச் சொல்கிறது, பாருங்கள். உயர் அழுத்தத்துக்குப் பிஸ்டன், தாழ் அழுத்தத்துக்கு டர்பைன். அவரவர்க்கு வருகிற வேலையை அவரவர் செய்தார்கள்.

நிலத்தில் இதை முதலில் செய்து காட்டியவர்களில் ஒருவர் பிரான்சின் ஒகுஸ்த் ராட்டோ. சுரங்கத்தில் பாரம் தூக்கும் எஞ்சின் விட்டு விட்டு ஓடும். அது வீணாக வெளியேற்றும் ஆவியைச் சேமித்து, சீராக டர்பைனுக்கு அனுப்பினார். கடலில் 1908-ல் டென்னி நிறுவனம் டம்பார்ட்டனில் கட்டிய ஒடாகி என்ற சரக்குக் கப்பல். அதன் சகோதரிக் கப்பல் ஒராரியில் பிஸ்டன் மட்டும். இரண்டையும் ஒப்பிட்டால் எது லாபம் என்று தெரிந்துவிடும், நல்ல சோதனை. அடுத்து ஹார்லண்டு அண்டு வுல்ஃப் தளத்தில் லாரென்டிக், மெகான்டிக் என்று இன்னொரு ஜோடி. லாரென்டிக்கில் கூட்டு எஞ்சின், மெகான்டிக்கில் வெறும் பிஸ்டன். ஜெயித்தது லாரென்டிக். அதைப் பார்த்துத்தான் ஒலிம்பிக், டைட்டானிக் கப்பல்களுக்கு இந்த ஏற்பாடு முடிவானது.

டைட்டானிக்கில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிஸ்டன் எஞ்சின்கள், ஒவ்வொன்றும் 15,000 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 75 சுற்று. இரண்டும் கக்கிய ஆவி, 9 பவுண்டு அழுத்தத்தில், நடுவில் இருந்த பார்சன்ஸ் டர்பைனுக்குப் போனது. அது 16,000 குதிரைத்திறன் கொடுத்தது. யோசித்துப் பார்த்தால், பிஸ்டன் வேண்டாம் என்று விட்ட ஆவியிலிருந்து ஒரு முழு எஞ்சினின் சக்தி! பனிப்பாறை, இசைக்குழு, படகுகள் என்று அந்தக் கப்பலைப் பற்றி எழுதியதில் நூறில் ஒரு பங்குகூட இந்த எஞ்சின் அறையைப் பற்றி எழுதவில்லை என்பது என் நெடுநாள் மனக்குறை.

குறையும் உண்டு. டர்பைன் பின்னோக்கிச் சுழலாது. கப்பல் பின்வாங்கும்போது ஆவி டர்பைனை ஒதுக்கிவிட்டு நேரே கண்டென்சருக்குப் போகும், நடு விசிறி நின்றுவிடும். சுக்கானோ அதன் பின்னால்தான். விசிறி தள்ளும் தண்ணீர் படாவிட்டால் சுக்கானின் பிடி குறையும். கப்பல் மூழ்கிய அந்த இரவு எஞ்சின் அறைக்கு என்ன உத்தரவு போனது என்பதில் பிழைத்து வந்தவர்களின் சாட்சியங்களே ஒத்துப்போகவில்லை. ஆகவே விபத்துப் பழியை எஞ்சின்மேல் போட நான் தயாரில்லை.

இந்த ஏற்பாடு நீடிக்காததற்குக் காரணம் பல்சக்கரம். டர்பைனுக்கு வேகம் வேண்டும், விசிறிக்கு நிதானம் வேண்டும். வெஸ்பேஷியன் என்ற பழைய சரக்குக் கப்பலை வாங்கி, 1910 வாக்கில் பார்சன்ஸ் நடுவே பல்சக்கரம் வைத்து ஓட்டிக் காட்டினார். பிறகு பிஸ்டன் தேவைப்படவில்லை. ஆனாலும் 1926-ல் ஜெர்மனியின் பாயர், வாக் இருவரும் பல்சக்கரத்தையும் திரவக் கிளட்சையும் வைத்துப் பிஸ்டனையும் டர்பைனையும் ஒரே தண்டில் சேர்த்தார்கள். பழைய சரக்குக் கப்பல்களுக்கு அது சிக்கனமாக இருந்தது. அந்த யோசனை ஆகாயத்துக்கும் போனது: 1954-ல் ஏர் இந்தியா வாங்கிய சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களின் ரைட் எஞ்சின்களில், கழிவுப் புகையில் சுழலும் மூன்று டர்பைன்கள் கூடுதல் சக்தியைத் தண்டுக்கே திருப்பிக் கொடுத்தன.

கேள்வி: நீராவி டர்பைனைக் கண்டுபிடித்தது அலெக்சாந்திரியாவின் ஹீரோ என்கிறார்களே?

பதில்: முதல் நூற்றாண்டில் அவர் எழுதிவைத்த ஆவிப் பந்து சுழலும். வேலை செய்யாது.

கேள்வி: லேத் பட்டறை வைத்திருக்கிறேன். சின்னதாக ஒரு சுழல் நீராவி எஞ்சின் செய்து, அதன் கழிவு ஆவியை ஒரு டர்பைனில் விட ஆசை. வருமா?

பதில்: ஓடும், சக்தியை எதிர்பார்க்காதீர்கள். 3 பார் ஆவியை வெளிக்காற்றில் விட்டாலே நொடிக்கு 600 மீட்டர் வேகத்தில் பாயும். பத்து சென்டிமீட்டர் தட்டு அதில் பாதி வேகத்தை எட்ட நிமிடத்துக்கு 57,000 சுற்று வேண்டும். அதற்கு முன்பே உங்கள் பேரிங் கைவிட்டுவிடும், தட்டு சிதறினால் ஆளையே அடிக்கும். இரும்புக் கூண்டு இல்லாமல் ஓட்டாதீர்கள். சுழல் எஞ்சினை முதலில் கம்ப்ரஸர் காற்றில் ஓட்டுங்கள். கசிவு எங்கே என்று சோப்பு நுரை காட்டிவிடும். கொதிகலனை மட்டும் நீங்களாக வெல்டு வைத்துச் செய்ய வேண்டாம், ஐயா. அதற்குச் சட்டமும் ஆய்வாளரும் இருக்கிறார்கள். எஞ்சின் ஓடினால் ஒரு படம் அனுப்புங்கள்.