களிம்பில் மருந்து மட்டுமா இருக்கிறது?

"டாக்டர், அதே மருந்துதானே? கிரீமா இருந்தா என்ன, ஆயின்ட்மென்ட்டா இருந்தா என்ன?" என்று பலரும் கேட்கிறார்கள். மருந்து ஒன்றுதான். ஆனால் அதைச் சுமக்கும் பொருள் வேறு. இதை 'பேஸ்' என்பார்கள். உள்ளுக்குக் கொடுக்கும் மருந்துக்கு அனுபானம் எப்படியோ, களிம்புக்கு பேஸ் அப்படி. பல ட்யூப்களில் மருந்து ஒன்றிரண்டு சதவீதம்தான்; மீதியெல்லாம் பேஸ்!

சித்த மருத்துவம் சொல்லும் 32 புற மருந்துகளில் களிம்பும் ஒன்று. நெய், எண்ணெய், தேன்மெழுகு ஆகியவை அதற்கு பேஸ். 1872-ல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற வாஸ்லைனும் இதே எண்ணெய்ப் பசை வகைதான். அடுத்து வந்தவை பாலிமர்கள்.

பாலிமர் என்றால்?

பூச்சரம் மாதிரி, சின்ன மூலக்கூறுகள் நீளமாகக் கோர்த்திருப்பது. லேபிளில் 'மேக்ரோகால்' அல்லது 'பாலிஎத்திலீன் கிளைக்கால்' என்று பார்த்திருப்பீர்கள். சரம் நீள நீள, பொருள் கெட்டிப்படும். 400 என்ற எண் உள்ளது திரவம்; 3350 மெழுகு போலக் கட்டி. திரவம் 60 பங்கு, கட்டி 40 பங்கு சேர்த்து உருக்கி, ஆறும்வரை கிளறினால் களிம்பு தயார். பிசுபிசுப்பு இல்லை; தண்ணீரில் கழுவினால் போய்விடும்.

வலிக்குத் தடவும் ஜெல்களில் 'கார்போமர்' என்ற இன்னொரு பாலிமர் உண்டு. தண்ணீரில் கொஞ்சம் போட்டு, காரம் சேர்த்தால் உப்பிக் கெட்டியாகிவிடும்.

எதற்கு எது?

* வறண்ட தோல், பாத வெடிப்பு: எண்ணெய்ப் பசையுள்ள களிம்பு.
* நீர் கசியும் படை: எண்ணெய்ப் பசை வேண்டாம், ஈரம் உள்ளேயே அடைபடும்.
* முடி அடர்ந்த இடம்: ஜெல் வசதி. ஆனால் ஆல்கஹால் கலந்த ஜெல் புண்ணில் பட்டால் எரியும்.

கவனம் தேவை

நல்ல தோல் வழியாக மேக்ரோகால் உள்ளே போவது மிகக் குறைவு. தோலே போய்விட்ட பெரிய தீக்காயத்தில் அப்படியல்ல. ரத்தத்தில் சேரும், அதை வெளியேற்ற வேண்டியது சிறுநீரகம். இத்தகைய களிம்பு பூசிய தீக்காய நோயாளிகளுக்குச் சிறுநீரகம் பழுதானது 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் பதிவாகியிருக்கிறது. எனவே சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள், பெரிய புண்ணுக்கு மருத்துவரைக் கேட்காமல் இதைப் பூசக்கூடாது.

தீ சுட்டுவிட்டால் உடனே களிம்பைத் தேடாதீர்கள். குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். நெய், பற்பசை எதுவும் வேண்டாம். பெரிய காயமானால் நேரே ஆஸ்பத்திரிதான். எங்கள் சித்த மருத்துவக் களிம்புகளுக்கும் இதே விதிதான்!