பரீட்சைக்கு முன் மனதுக்கும் ஒரு பயிற்சி

க.பொ.த. உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் மேலதிக வகுப்புகள் இரவுவரை நீள்கின்றன. கடந்தகால வினாத்தாள்களைத் திரும்பத் திரும்பச் செய்து பழகுகிறோம். அந்நாட்களில் தளர்ந்துபோகும் மனதுக்கும் அப்படியொரு முற்பயிற்சி உண்டா?

நியூசிலாந்தின் ஒக்லாண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கட்டிளமைப் பருவத்தினருக்காக ‘ஸ்பார்க்ஸ்’ என்ற கணினி விளையாட்டை உருவாக்கினர. இதில் ஏழு கட்டங்கள் உள்ளன. எதிர்மறை எண்ணங்கள் பறந்து தாக்கும் பூச்சிகளாக வருகின்றன. அவற்றை இனங்கண்டு வெல்வதே விளையாட்டு.

இதன் அடிப்படை அறிகை நடத்தைச் சிகிச்சையாகும். நிகழ்வைவிட, அதைப் பற்றி நாம் கொள்ளும் எண்ணமே பல வேளைகளில் நம்மை வாட்டுகிறது என்பது அதன் கருத்து. தவணைப் பரீட்சையில் இரசாயனவியலுக்கு 38 புள்ளிகள் கிடைத்தன என்று வைத்துக்கொள்வோம். “நான் எதற்கும் உதவாதவள்” என்று மனம் சொல்கிறது. உடனே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும். இதற்குச் சான்று என்ன? வேறு காரணம் இருக்குமா? என் தோழிக்கு இப்படி நேர்ந்தால் அவளிடம் என்ன சொல்வேன்? பிறகு சிறிய செயலொன்றில் இறங்க வேண்டும். பிழைத்த ஒரு வினாவை மீண்டும் செய்து பார்ப்பதே போதும்.

மனச்சோர்வு வருமுன் காப்பதற்கென இவ்விளையாட்டு பின்னர் திருத்தியமைக்கப்பட்டது. அவுஸ்திரேலியாவின் சிட்னியில் 10 அரச பாடசாலைகளைச் சேர்ந்த இறுதியாண்டு மாணவர் 540 பேரிடம் அது பரீட்சிக்கப்பட்டது. 2017இல் முடிவுகள் வெளியாயின. பயிற்சி முடிந்த வேளையிலும் ஆறு மாதங்களின் பின்னரும், அதைப் பெற்றவர்களிடம் மனச்சோர்வு அறிகுறிகள் மற்றக் குழுவினரைவிடக் குறைவாக இருந்தன. 18 மாதங்களின் பின் அந்த வேறுபாடு காணப்படவில்லை.

இதிலிருந்து நாம் கற்பது யாது? மனதைக் காப்பது ஒரு திறன். அதைக் கற்கலாம், ஆனால் ஒருமுறை கற்றதோடு விட்டுவிட முடியாது.

இன்னொன்றும் உண்டு. திரை பயிற்சி தரும், பக்கத்தில் வந்து உட்காராது. கவலையும் ஆர்வமின்மையும் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், உறக்கமும் பசியும் கெட்டால், உம்மாவிடமோ நம்பிக்கைக்குரிய ஆசிரியையிடமோ சொல்லுங்கள். வாழவே வேண்டாம் என்ற எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் காத்திருக்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். மனச்சோர்வு ஒரு நோய். அது சோம்பலுமல்ல, ஈமானின் குறையுமல்ல. காய்ச்சலை மறைக்காத நாம் இதை மட்டும் ஏன் மறைக்க வேண்டும், சகோதரிகளே?