தடை விதிப்பது எப்பொழுது நியாயம்?

ஒரு பொருளைப் பற்றி ஊரில் சர்ச்சை எழுந்தால், "சர்க்கார் இதை ஒழித்துவிட வேண்டும்" என்று ஒரு சாராரும், "அது அவரவர் இஷ்டம்" என்று மறு சாராரும் சொல்வது வழக்கம். நம்மில் பெரும்பாலோர் வியாபாரிகள். தடை வந்தால் முதலில் முடங்குவது நம் கடைச் சரக்குத்தான். ஆகவே இவ்விஷயத்தைச் சற்று நிதானமாக ஆராய்தல் நலம்.

இன்று நம் கடைகளில் சர்வசாதாரணமாக ஆற்றிக் கொடுக்கும் காப்பியே ஒரு காலத்தில் தடைக்குள்ளான சரக்கு என்றால் சிலர் வியப்படையக் கூடும். யெமன் தேசத்து சூஃபிகள் இரவில் திக்ரு செய்யும்பொழுது உறக்கம் வராதிருக்க அதனை அருந்தினர். அப்பழக்கம் மக்காவுக்கும் பரவியது. ஹிஜ்ரி 917, அதாவது கி.பி. 1511-ல், அங்கு அதிகாரம் வகித்த காயிர் பேக் என்பவர், இரவில் சிலர் விளக்கு வைத்துக்கொண்டு கூடி அதைக் குடிப்பதைக் கண்டார். உலமாக்களைக் கூட்டினார். உடலுக்குக் கேடு என்று இரு வைத்தியர்கள் சாட்சி சொன்னார்கள். தடை பிறந்தது, காப்பி தெருவில் கொளுத்தப்பட்டது. விஷயம் கெய்ரோவிலிருந்த சுல்தானிடம் போயிற்று. அங்கிருந்து வந்த பதில்தான் கவனிக்கத்தக்கது. கூட்டங்களில் நடக்கும் முறைகேடுகளைத் தடுக்கும்படி உத்தரவு வந்ததேயன்றி, காப்பியே கூடாதென்று வரவில்லை. பொருள் வேறு, அதைச் சுற்றி நடப்பது வேறு என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

1633-ல் உதுமானிய சுல்தான் நான்காம் முராது காப்பிக் கடைகளை மூடினார். புகையிலை பிடித்தால் மரண தண்டனை என்றார். அப்படியும் சிப்பாய்கள் சட்டைக் கைக்குள் சிறு குழாயை ஒளித்துவைத்துப் புகைத்தார்களென்று அக்காலத்து அறிஞர் காத்திப் செலபி எழுதியிருக்கிறார். வேரூன்றிய பழக்கத்தைத் தலை போகும் என்ற பயம்கூட அசைக்கவில்லை.

"அப்படியானால் தடையே வேண்டாம்" என்று முடிவு கட்டிவிடலாகாது. இந்நாட்டு அபின் கதை நேர்மாறானது. சிங்கப்பூரில் 1820-ல் அபின் விற்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. 1910-ல் குத்தகை போய், சர்க்காரே சண்டு தயாரித்து விற்றது. இதற்குக் கட்டுப்பாடு என்று பெயர்! சிங்கப்பூர், பினாங்கு, மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களின் வருமானத்தில் சில ஆண்டுகளில் பாதியளவு இதிலிருந்தே வந்தது. கூலி வேலைக்கு வந்த சீனத் தொழிலாளர் பலர் உடலையும் ஊதியத்தையும் அதிலே இழந்தனர். முழுத் தடை 1946-ல்தான் வந்தது. நூற்று இருபத்தாறு வருஷங்கள்! விற்று லாபம் காண்பவனே தீமையை அளந்து சொல்லும் நீதிபதியாகவும் இருந்தால் தீர்ப்பு இப்படித்தான் தாமதமாகும். அன்று அது சர்க்கார். இன்று அந்த இடத்தில் நாமும் நிற்கலாம்.

சிகரெட்டை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் 2021 முதல் இருபத்தொரு வயது நிரம்பாதவருக்கு அதை விற்கலாகாது. வேப் எனப்படும் மின்சிகரெட்டை வைத்திருப்பதே 2018 முதல் குற்றம். மலேசியாவில் 2024 அக்டோபர் முதல் இவ்விரண்டையும் பதினெட்டு வயதுக்குட்பட்டவருக்கு விற்கத் தடை. பழைய விஷத்தை அனுமதித்துப் புதியதை மட்டும் சிங்கப்பூர் அடியோடு தடுப்பது என்ன நியாயம் என்று சிலர் கேட்கிறார்கள். முராதின் கதையிலேயே விடை இருக்கிறது. லட்சக்கணக்கானோரைப் பற்றிக்கொண்டதை ஒரே நாளில் பிடுங்க முடியாது, முளையிலிருப்பதைப் பிடுங்கலாம்.

"நான் மறுத்தால் பையன் அடுத்த கடையில் வாங்கிக்கொள்வான்" என்பது நம்மவர் சொல்லும் சமாதானம். சட்டமில்லாத காலத்தில் அதில் ஓரளவு உண்மை இருந்தது; மறுத்தவர் நஷ்டப்பட, மற்றவர் லாபமடைந்தார். எல்லாக் கடைக்கும் ஒரே வயது வரம்பு வந்தபின் அச்சமாதானம் செல்லாது. மறுக்கும் வியாபாரிக்கு இச்சட்டம் ஒரு துணை. ஆனால் அடையாள அட்டையைக் கேட்கக் கல்லாவில் நிற்கும் ஊழியர் கூசுகிறார். வாடிக்கைக்காரர் கோபித்துக்கொள்வாரே என்ற பயம். "தயங்காமல் கேள், சண்டை வந்தால் என்னைக் கூப்பிடு" என்று முதலாளி முன்கூட்டியே அவரிடம் சொல்லிவைக்க வேண்டும்.