அகதி முகாமில் இல்லறம்

இல்லறம் என்றவுடன் வீடும் நிலமும் சுற்றமும் நம் மனக்கண்முன் தோன்றுகின்றன. மூத்தோர் நிழலிலேயே இளந்தம்பதிகள் தம் பொறுப்புகளைச் சிறிது சிறிதாகக் கற்கின்றனர். அந்நிழல் முற்றும் அழிந்தவிடத்து இல்லறம் நடத்தல் கூடுமோ? இவ்வினாவிற்குச் சரித்திரம் தரும் விடையொன்றை ஈண்டு ஆராய்வோம்.

வட ஜெர்மனியிலுள்ள பெர்கன்-பெல்சன் என்னும் சிறைமுகாமை ஆங்கிலேயப் படையினர் 1945ஆம் ஆண்டு ஏப்ரல் 15ஆம் நாள் விடுவித்தனர். ஏறத்தாழ 60,000 பேர் ஆங்கே பசியாலும் டைபஸ் சுரத்தாலும் வாடிக் கிடந்தனர். விடுதலைக்குப் பின்னரும் 13,000 பேருக்கு மேல் மாண்டனர். நோய் பரவாவண்ணம் பழைய கொட்டகைகள் தீக்கிரையாக்கப்பட்டன. எஞ்சியோர் அருகிலிருந்த படைவீரர் குடியிருப்பில் தங்கவைக்கப்பட்டனர். அதுவே 1950 வரை அகதி முகாமாக விளங்கிற்று. அங்கிருந்த யூதருட் பெரும்பாலோர் இளையோர். முதியோரும் குழந்தைகளும் பெரும்பாலும் முன்னரே கொல்லப்பட்டிருந்தனர்.

தனித்து நின்ற அவ்விளையோர் விரைந்து மணம் புரிந்தனர். பாரசூட் துணியால் ஒரு மணமகளுக்குத் தைத்த வெண்ணிற ஆடையைப் பின்னர் வேறு மணமகளிர் பலரும் வாங்கி அணிந்தனர். ஆயினும், முன்னர் மணமானோர்க்குப் பெரியதோர் இடர் நேர்ந்தது. கணவன் இறந்தமை உறுதிப்படாதவரை மனைவி மறுமணம் செய்தல் யூத சமய விதிக்கு ஒவ்வாது. கொலைமுகாம்களில் மாண்டோருக்குக் கல்லறை ஏது? மரணப் பதிவு ஏது? ஆதலின் சமய குருமார் கூடிச் சாட்சிகளை விசாரித்துத் தீர்ப்பளித்தனர். இறந்தோர்க்குரிய கடமையைத் தீர்த்த பின்னரே புதிய கடமை தொடங்கிற்று.

ஹடாசா பிம்கோ என்னும் பல் மருத்துவரை உதாரணமாகக் கொள்ளலாம். 1943இல் ஆஷ்விட்ஸ் முகாமில் பெற்றோரையும் கணவனையும் சிறு மகனையும் இழந்தவர் அவர். பெல்சனில், வேறு பெண்கள் சிலருடன் கூடி, அநாதைக் குழந்தைகள் பலரைப் பேணிக் காத்தார். 1946இல் முகாம் மக்களின் தலைவராகிய யோசப் ரோசன்சாப்ட் என்பாரை மணந்தார். 1948இல் அம்முகாமிலேயே ஒரு மகனை ஈன்றார். தம் இல்லம் அமையுமுன்னரே பிறர் பிள்ளைகளுக்குத் தாயானவர் அவர்.

அம்முகாமிற் பிறந்த குழந்தைகள் ஆயிரத்துக்கு மேற்பட்டோர். மகவை நீராட்டவும் சீராட்டவும் கற்றுத்தரத் தாயில்லாத இளம்பெண்களே அவர்களைப் பெற்றனர். தனி அறையும் எல்லார்க்கும் கிட்டவில்லை. தனிமைக்கு அஞ்சி அவசரத்திற் செய்த மணங்களுட் சில துயரமாயும் முடிந்தன; அதனை மறைத்தல் நேர்மையன்று. எனினும் அயலாரே சுற்றமாயினர். விடுதலை பெற்ற 1945ஆம் ஆண்டிலேயே பள்ளிகள் எழுந்தன. இளையோர் கைத்தொழிலும் பயின்றனர்.

நண்பர்களே! உத்தியோகமும் சொந்த வீடும் வாய்த்த பின்னரே குடும்பப் பொறுப்பு நம்மை நாடி வருமென எண்ணுகிறோம். சுவரும் கூரையும் இல்லத்தின் புறவடிவே. பிறரொருவரின் நலத்தை என் கடன் என்று ஏற்பதே அதன் அடிப்படை என்பதைப் பெல்சன் இளையோர் காட்டினர். இன்றும் முகாம்களில் வாழ்வைத் தொடங்கும் இளந்தம்பதிகள் பலர் உளர். உணவும் உடையும் அளிப்பதோடு நம் கடமை முடியாது. மூத்தோரை இழந்தவர்க்கு மூத்தோராய் நிற்பதும் நம் கடமையே.